சனிக்கிழமை மூணு அம்பது

சத்தம் இப்போ வருது தம்பி, வரலன்னு யார் சொன்னா? நல்லாத்தான் வருது. பாட்டு ஓடுது பாருங்க. எங்க வீட்டுக்காரர் வெளிய போறப்போ போட்டு விட்டுட்டுப் போயிருக்கார், வர்ற ஆளு காதால கேக்கட்டும்னு. நான் சொல்றது என்னன்னா, நீங்க ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காருங்க. மணி மூணு இருபதுதான ஆகுது? அது வரைக்கும் அந்தப் பென் டிரைவ் சட்டப் பையிலயே இருக்கட்டும். ஆமா, பையிலயே. சொருகாதீங்க. வேல செய்ய வேண்டாம்னு சொல்லல, உக்காந்துட்டு செய்யலாம்னு சொல்றேன். டீ போட்டிருக்கேன். சக்கர எவ்வளவு?

உங்களக் கூப்பிட்டது நான் இல்ல, அவரு. எல்லாத்தையும் அழிச்சுட்டு, ஊர்ல எல்லாரும் வச்சிருக்கற மாதிரி ஒண்ணப் போட்டுக் குடுங்கன்னு சொல்லியிருப்பார். சொன்னாரா? அதான பாத்தேன். அவருக்கு என்ன தெரியும், பாவம். அலமாரிக்கு மேல பாருங்க, மூணு ஜோடி ஸ்பீக்கர். வாராவாரம் சனிக்கிழம மூணு அம்பதுக்குப் பாட்டு நடுவுல டக்குன்னு நின்னுடும். ஒடனே ஸ்பீக்கர் போச்சுன்னு போய் புதுசு வாங்கிட்டு வந்துடுவார். நாலாவது வாங்கப் போனப்போ கடக்காரரே சொல்லிட்டாராம், சார், உங்களுக்கு ஸ்பீக்கர் வேண்டாம், ஆளு வேணும்னு. அந்த ஆளுதான் நீங்க.

என்ன சொன்னீங்க? சரிதான். ஒண்ணுல சத்தம் வரலன்னா இன்னொண்ணுல வருதான்னு பாக்கணும், அப்பத்தான் கோளாறு எந்தப் பக்கம்னு தெரியும். நல்ல மொறையா இருக்கே. ஞாபகம் வச்சுக்கறேன்.

மவுஸ் தேடறீங்களா? கெடைக்காது. அது டிராயர்ல தூங்குது, ரப்பர் பேண்டோட. இதுக்கு மவுஸ் வேண்டாம். ஆமா, லினக்ஸ், விண்டோஸ் இல்ல. ஏன் நாற்காலிய பின்னாடி தள்றீங்க, கடிக்காது. அந்தக் கறுப்புத் திரையப் பாத்து பயப்படாதீங்க, அது ஒண்ணும் கெட்டுப் போகல, அது அப்படித்தான். நான்தான் படம், பட்டை, பொத்தான் எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஒரு ஜன்னல் தொறந்தா முழுசா நிக்கும், ரெண்டு தொறந்தா பாதிப் பாதியாப் பிரிச்சுக்கும், மூணாவது வந்தா அதுக்கும் எடம் குடுத்துட்டு ஒதுங்கிக்கும். சண்டையே கெடையாது. மனுஷங்களுக்கு அந்தப் பழக்கம் வரல.

நான் கோர்ட்டுல டைப்பிஸ்ட்டா இருந்தேன் தம்பி. முப்பத்தோரு வருஷம். இப்போ வீட்லேர்ந்து ஆராய்ச்சி பண்ற பசங்களுக்கு டைப் அடிச்சுக் குடுக்கறேன். மத்தவங்களுக்கு இந்தக் கறுப்பு ஜன்னலப் பாத்தா நடுக்கம். எனக்கு இது டைப்ரைட்டர். என்ன ஒரு வித்தியாசம்னா, டைப்ரைட்டர் திருப்பிப் பேசாது. இது பேசும். மொதல் நாள் என்னவோ அடிச்சேன், உனக்கு அனுமதி இல்லன்னு சொல்லிடுச்சு. என் வீட்ல, என் மேசைல, எனக்கு அனுமதி இல்ல! எழுந்து போய் சமையல் கட்டுல பாத்திரம் கழுவிட்டு வந்துதான் ஆத்திரம் அடங்குச்சு. அதனாலதான் அந்தப் பேரு. பாக்கறீங்கல்ல, ஒவ்வொரு வரி ஆரம்பத்துலயும் மாமியார்னு வருதே. மெஷினுக்கு ஒரு பேரு வைக்கணும்னு என் பொண்ணு சொன்னா. எது கேட்டாலும் முடியாதுங்கற ஜீவனுக்கு வேற என்ன பேரு வைக்கறது?

அப்புறம் நானே நாலு சொல் கத்துக் குடுத்தேன். இப்ப பாருங்க, போ அப்படின்னு அடிச்சா அணைஞ்சுடும். இல்ல இல்ல, இப்போ அடிக்காதீங்க. இந்த வீட்ல என் சொல்ல ஒரு தடவைல கேக்கறது அது ஒண்ணுதான். வரி முடியற எடத்துல பழைய டைப்ரைட்டர் மாதிரி டிங்குன்னு மணி அடிக்கும், அதுவும் நான் வச்சதுதான். எங்க வீட்டுக்காரர் அந்த மணி அடிச்சா வாசலுக்குப் போய்ப் பாப்பார், யாரோ வந்திருக்காங்கன்னு. ரெண்டு வருஷமாப் போய்ப் பாக்கறார்.

பொண்ணா? இங்க இல்ல. வேற ஊரு. பெரிய கம்பெனில இந்த மாதிரி நூறு மெஷின அவ ஒருத்தி பாத்துக்கறா. இத எனக்கு மாட்டிக் குடுத்தது அவதான். அதோ சொவத்துல ஒட்டியிருக்கு பாருங்க, ஏழு வரி. மொதல் வரி, அணைச்சுட்டுத் திரும்பப் போடு. ரெண்டாவது, கோவப்படாத. மூணாவது, மறுபடியும் படி, கோவப்படாத. கடசி வரி என்ன எழுதியிருக்கா? எதுவுமே நடக்கலன்னா கதவுன்னு அடிம்மா, நான் வரேன். அது ஒரு ஏற்பாடு தம்பி. நான் இங்க கதவுன்னு அடிச்சா, அவளுக்கு அங்க செய்தி போகும். அவ அங்கேர்ந்தே இதுக்குள்ள வந்து அடிப்பா. அவ அடிக்கறத நான் பாக்கலாம், நான் அடிக்கறத அவ பாக்கலாம். ஒரே தாள்ல ரெண்டு பேர் எழுதற மாதிரி.

அதெல்லாம் சண்டைக்கு முன்னாடி ஒட்டினது.

அட, எந்த வீட்ல இல்ல? கல்யாணம் பண்ணிக்கிட்டா. பண்ணிக்கப் போறேன்னு இல்ல, பண்ணிக்கிட்டேன்னு. மெசேஜ்ல. அதுலயும் மூணு எழுத்துப் பிழை. எதுக்கு மொதல்ல கோவப்படறதுன்னு எனக்கே தெரியல. மாப்பிள்ள நல்லவர்தானாம், இப்போ தெரியுது, அப்போ எனக்கு யார் சொன்னா? போன் பண்ணா. நான் சொல்லிட்டேன், இனிமே உன் குரல் இந்த வீட்ல கேக்கக் கூடாதுன்னு. நான் என்ன நெனச்சேன், அழுவா, ரெண்டு நாள் கழிச்சு வந்து நிப்பா, நானும் போனாப் போகுதுன்னு உள்ள கூப்பிடலாம்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? சரிம்மா. வச்சுட்டா. தாயப் போல பிள்ள, நூலப் போல சேலன்னு சும்மாவா சொன்னாங்க. நான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னா, அவ பிடிச்சதுக்கு ரெண்டு.

அவங்கப்பா பேசுவார். காய் வாங்கப் போறேன்னு தினமும் கெளம்புவார், ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டு எலுமிச்சம்பழத்தோட வருவார். ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்க ஒரு மணி நேரமா? நான் கேக்க மாட்டேன். ஆனா ராத்திரி சாப்பிடறப்போ அவர் மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்குவேன், அவ நல்லா இருக்காளா இல்லையான்னு.

ரெண்டு மாசம் அப்படிப் போச்சு. அப்போ எறும்பப் பத்தி ஒரு பையன் முன்னூறு பக்கம் குடுத்திருந்தான், திங்கக்கெழம வேணும்னு. எறும்புக்கு அவ்வளவு விஷயம் இருக்கு தம்பி, நம்ப மாட்டீங்க. சனிக்கிழம மத்தியானம், இருநூத்தி எழுபதாவது பக்கம், எழுத்தெல்லாம் சின்னதாத் தெரியுதேன்னு இணையத்துல தேடி, எவனோ எழுதி வச்சிருந்தத அப்படியே ஒரு புள்ளி விடாம அடிச்சேன். பிழையில்லாம அடிக்கறதுல என்னை யாரும் மிஞ்ச முடியாது. அதான் வினை. திரை போச்சு. வெறும் கறுப்பு, ஓரத்துல ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணச் சிமிட்டுது. ஒண்ணாவது வரிலேர்ந்து ஆறாவது வரி வரைக்கும் செஞ்சு பாத்தேன். ரெண்டாவதும் மூணாவதும் மட்டும் முடியல. நாலு மணி ஆச்சு. கதவுன்னு அடிச்சேன்.

இருபது நிமிஷம். ஒண்ணும் இல்ல. அப்புறம் பாத்தா, நான் தொடல, எழுத்து தானா வருது. பேய்னுதான் நெனச்சேன். அப்புறம் அந்த வேகத்தப் பாத்தேன். கமாவுக்கு அப்புறம் ரெண்டு எடம் விட்டு அடிக்கறா. ஒண்ணு போதும், ஆனா அவ ரெண்டு விடுவா. ஏழு வயசுல என் டைப்ரைட்டர்ல பழகினப்போ வந்த பழக்கம், அடிச்சாலும் போகல. ஒரு வார்த்த பேசல. மூணு நிமிஷத்துல எல்லாத்தையும் சரி பண்ணிட்டா. எறும்பெல்லாம் திரும்பி வந்துடுச்சு. எனக்கு மனசு கேக்கல, நன்றின்னு அடிச்சேன். மாமியார் சொல்லுது, அப்படி ஒரு கட்டளை கெடையாதாம்.

சிரிங்க, சிரிங்க. அவளும் அங்க சிரிச்சிருப்பா. கொஞ்ச நேரம் கழிச்சு அவ அடிக்கறா. மூணாம் நம்பருக்கு மேல வேலி மாதிரி ஒரு குறி இருக்குல்ல, அதப் போட்டு, பக்கத்துல, முன்னாடி இதப் போடும்மா, போட்டா மெஷின் படிக்காது, மனுஷங்க மட்டும் படிக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு எனக்கும் என் பொண்ணுக்கும் நடந்த மொதல் பேச்சு அதுதான் தம்பி.

தமிழ இங்கிலீஷ் எழுத்துலதான் அடிப்போம். தமிழ் எழுத்தாவே போட்டா இந்த ஜன்னல்ல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தனித்தனியா நிக்கும். அப்படியே வேலிக்குப் பின்னால நின்னுக்கிட்டு ரெண்டு வார்த்த. சாப்பிட்டியா. சாப்பிட்டேன். அங்க மழையா. இல்ல. குரல் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனே தவிர, எழுத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. சட்டப்படி சரிதான். கோர்ட்டுல இருந்தவ நான்.

ஆனா மெஷின் நல்லா ஆயிடுச்சு. அதான் பிரச்சன. ஒரு சனிக்கிழம போச்சு, ரெண்டு போச்சு, ஒரு கோளாறு இல்ல. காரணமே இல்லாம கதவுன்னு எப்படி அடிக்கறது? எனக்கு மானம் இல்லையா?

அதான் ஒடைச்சேன்.

ஆமா. நானே. மூணாவது சனிக்கிழம விசையெல்லாம் எடம் மாத்தி வச்சேன், எம் அடிச்சா இசட் வர்ற மாதிரி. கதவுன்னு அடிக்கறதுக்கே முக்கா மணி நேரம் ஆச்சு. அடுத்த வாரம் எழுத்து வடிவத்தையெல்லாம் தூக்கிட்டேன், வெறும் கட்டம் கட்டமா வந்துச்சு. ஒரு தடவ திரையத் தலைகீழாத் திருப்பினேன். எங்க வீட்டுக்காரர் வந்து பாத்தார், தலையச் சாச்சு வச்சுக்கிட்டு நியூஸ் படிச்சுட்டுப் போயிட்டார். நல்ல மனுஷன். இப்படி ஆறு மாசம். ஒடைக்கறதுக்காகவே படிச்சேன் தம்பி. வெள்ளிக்கெழம பூரா படிச்சு, சனிக்கிழம ஒடைப்பேன். ஒடைக்கத் தெரிஞ்சா சரி பண்ணவும் தெரிஞ்சுடுது, அது ஒரு தொல்ல. அவ சரி பண்றப்போ நான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி, அப்படியா, அடேங்கப்பான்னு வேலி போட்டு அடிப்பேன்.

இதுல வேடிக்க என்னன்னா, நாம அடிக்கற ஒவ்வொரு வரியையும் இந்த மெஷின் தனியா ஒரு பட்டியல்ல எழுதி வச்சுக்குமாம். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியல. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சுட்டோம்னு நான் இருக்கேன், அவ மொதல் வாரமே அந்தப் பட்டியலப் படிச்சுட்டா. அவ படிச்சதும் அதே பட்டியல்ல பதிவாயிருக்கு, ரொம்பப் பின்னாடிதான் நான் பாத்தேன். ஒரு வார்த்த கேக்கல பாருங்க. அழுத்தக்காரி.

நீங்க என்ன பாத்துக்கிட்டே இருக்கீங்க அங்க? நான் பேசறதக் கேட்டுக்கிட்டே கை ஓடுதே. அது எந்த நேரத்துக்கு என்ன செய்யணும்னு எழுதி வைக்கற பட்டியல்தான? கண்டுபிடிச்சுட்டீங்களா? கெட்டிக்காரர்தான். படிங்க. அம்பது, பதினஞ்சு, நட்சத்திரம், நட்சத்திரம், ஆறு. பதினஞ்சு மணி அம்பது நிமிஷம், எந்தத் தேதியா இருந்தாலும், எந்த மாசமா இருந்தாலும், ஆறாவது நாள். சனிக்கிழம மூணு அம்பதுக்குச் சத்தத்த நிறுத்து. ஆமா, அதான் கோளாறு. அந்த ஒத்த வரிக்குத்தான் எங்க வீட்டுக்காரர் மூணு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். கைய எடுங்க. அழிக்காதீங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கைய எடுங்கன்னா!

அது நான் எழுதினது இல்ல. உத்துப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல எத்தன எடம் விட்டிருக்கு? ரெண்டு.

போன வருஷம் எனக்குக் கண்ணுல புரைன்னு ஆபரேஷன் பண்ணாங்க. மூணு வாரம் திரை பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. நான் அவகிட்ட சொல்லல. எலுமிச்சம்பழம் வாங்கப் போனவர் சொல்லியிருப்பார். ரெண்டு சனிக்கிழம மெஷினே போடல. மூணாவது சனிக்கிழம, நான் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு அந்தக் கட்டில்ல படுத்திருக்கேன், இவர் பாட்டுக் கேக்கறேன்னு போட்டார். நல்லா ஓடிக்கிட்டிருக்கு, சரணத்துல நின்னுடுச்சு. சத்தியமாச் சொல்றேன், அன்னிக்கு நான் ஒண்ணும் பண்ணல. எழுந்து போய் உக்காந்தேன். கண்ணு தெரியலன்னா என்ன, முப்பத்தோரு வருஷம் விசையப் பாக்காம அடிச்சவ. கதவுன்னு அடிச்சேன். அவ வந்தா. எழுத்து ஒவ்வொண்ணும் இவ்வளவு பெருசு, என் உள்ளங்கை அகலத்துக்கு. வந்ததும் அதத்தான் மொதல்ல பெருசாக்கியிருக்கா. வேலி போட்டு, கண்ணு எப்படிம்மா இருக்குன்னு கேட்டா. மங்கலாத்தான் தெரிஞ்சுது. கண்ணாலயா, கண்ணீராலயான்னு கேக்காதீங்க, டாக்டர் அழக் கூடாதுன்னு சொல்லியிருந்தார்.

கண்ணு சரியானதும் தேடிப் பாத்தேன், எதனால நின்னுச்சுன்னு. இந்த வரி இருந்துச்சு. ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமையே உள்ள வந்தவ எழுதி வச்சுட்டுப் போயிருக்கா. கண்ணுல மருந்தோட இவ எத ஒடைப்பா, நாமளே ஒடைச்சு வச்சுடுவோம்னு. அன்னிலேர்ந்து நான் ஒடைக்கறத விட்டுட்டேன். ஒரு வேலைக்கு ரெண்டு பேர் எதுக்கு? எட்டு மாசமா அவ ஒடைக்கறா, அவளே சரி பண்றா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல, அவ சொல்லல.

இருங்க. மணி என்ன? நாப்பத்தொன்பதா. டீய வைங்க கீழ. பாட்டக் கேளுங்க. அவர் இதுல இந்த எடத்துலதான் தலைய ஆட்டுவார்.

பாத்தீங்களா?

நின்னுடுச்சு. ஒரு நொடி முன்ன பின்ன போகாது. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க வீடு. எனக்கு வாரத்துலயே பிடிச்ச நேரம் இதுதான்.

ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். நீங்க வந்ததும் வராததுமா அந்தப் பென் டிரைவ எடுத்துக் காட்டினீங்க பாருங்க, அப்பவே நான் டீ போட ஓடிட்டேன். அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் அழிச்சுடலாம்னு சொன்னீங்க. அஞ்சு நிமிஷம். நீங்க தப்பாச் சொல்லல, உங்க வேல அது. இவர் இன்னிக்கு விட்டாலும் அடுத்த மாசம் இன்னொருத்தரக் கூட்டிட்டு வருவார். இல்ல, மெஷினே ஒரு நாள் புகைஞ்சு போகும். ஒரு வரில தொங்கிக்கிட்டிருக்கோம் தம்பி, நானும் அவளும். இவ்வளவு நாள் எனக்கு அது தெரியாமப் போச்சே.

கொஞ்சம் நகருங்க. கதவு போடறேன். க, த, வு. ஆச்சு. வந்துடுவா, இப்பெல்லாம் இருபது நிமிஷம் ஆக்கறதில்ல, அங்க தயாரா உக்காந்திருப்பா போல. அதோ. பாருங்க, தானா அடிக்குது. என்ன கேக்கறா? இன்னிக்கு என்னாச்சும்மா. எப்பவும் கேக்கறதுதான். நான் எப்பவும் சத்தம் வரலன்னு அடிப்பேன்.

இருங்க, இன்னிக்கு வேற அடிக்கறேன். நீங்க சொன்னதுதான், உங்க மொறதான். பிழை இருந்தாச் சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல சத்தம் வரல. கோளாறு எந்தப் பக்கம்னு தெரியணும். போன்ல வருதான்னு சோதிக்கணும். ஒரு தடவ கூப்பிடு.

ரெண்டு நிமிஷமா சும்மா சிமிட்டிக்கிட்டே இருக்குல்ல? அந்தக் கோட்டத்தான் பாக்கறேன். ஒண்ணும் அடிக்கல அவ. தப்பாயிடுச்சோ? சரிம்மான்னு சொல்லிட்டு வச்சவ அவ. இல்ல தம்பி, உக்காருங்க, நீங்க எங்க போறீங்க, இப்போ என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க.

போன் எங்க? ஜன்னல்கிட்டயா அடிக்குது? எடுங்க. இல்ல, வேண்டாம், எடுக்காதீங்க, இங்க குடுங்க. அவ பேருதான் வருது. குடுங்கன்னா குடுத்துடுங்க, நீங்க ஏன் பச்சைய அழுத்தப் போறீங்க?

மூணு தடவ அடிக்கட்டும். ஒடனே எடுத்தா, காத்துக்கிட்டு இருந்தோம்னு நெனச்சுக்குவா.